யுத்த ரசனை

யுத்தத்தை நேரில் கண்டால் நடுநடுங்கிப்போகிற சாதுவான மனிதர்கூட, அதையே புத்தகத்தில் வாசிக்கும்போது இராச்சாப்பாட்டையும் மறந்து பக்கம் புரட்டுகிறாரே, இந்த இன்பம் தர்மத்துக்கு ஒத்ததுதானா என்ற கேள்வியை மாத்தளை மாவட்டத்துத் தமிழ் வாசகன் தட்டிக்கழிக்க இயலாது. ஏனெனில், அவன் ரசிக்கும் கதை நடந்த பூமியிலேயே அவன் குடியிருக்கிறான்.

1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலில், கதாநாயகன் வந்தியத்தேவன் சோழ இளவரசர் அருள்மொழிவர்மரைச் சந்திப்பது அதே மாவட்டத்துத் தம்புள்ளைப் பக்கத்தில். அவ்விளவரசர் தம் படைக்கு வேண்டிய தானியத்தைச் சோழ நாட்டிலிருந்தே தருவிக்கச் சொல்வார், குடிகளை வருத்தமாட்டார், இடிந்த விகாரைகளைச் செப்பனிடச் செய்வார். இவரைவிடத் தோதான சேனாதிபதி வாசகனுக்கு வேறெங்கே கிடைப்பார்! படையெடுப்பின் பெருமிதத்தை முழுவதும் அனுபவித்துவிட்டு, அதன் பாவத்தில் ஒரு பங்கும் ஏற்காமல் எழுந்து போகக் கல்கி செய்து கொடுத்த ஏற்பாடு அது. சரித்திரமோ, அதே இளவரசர் இராஜராஜனாக முடிசூடிய பின் சோழப்படை அநுராதபுரத்தைப் பாழாக்கியது என்றும், அவர் மைந்தர் காலத்தில் சிறைப்பட்ட ஐந்தாம் மகிந்தன் சோழ நாட்டிலேயே மாண்டான் என்றும் கூறுகிறது. நாவலாசிரியர் மீது குற்றமில்லை. கதை என்று சொல்லித்தான் எழுதினார். அந்தக் கதையின் கருணையைச் சரித்திரத்தில் வரவு வைத்துக்கொண்டு, தமிழ்ப் படைக்கு அஞ்சி வலகம்பா மன்னன் தம்புள்ளைக் குகையில் ஒளிந்த வரலாற்றைக் கேட்டு வளர்ந்த சிங்கள அயலானின் கசப்பை வெறும் அறியாமை என்று தள்ளுகிற இடத்தில்தான் வாசகன் வழுவுகிறான். அந்தப் பெருமிதமும் இரவல்தான்: மாத்தளைத் தோட்டங்களில் வாழும் தமிழரின் முன்னோர் புலிக்கொடியின் கீழா வந்தார்கள்? கோப்பிக் காலத்தில், கங்காணியின் பின்னால், மன்னார்ப் பக்கத்துக் காட்டுவழியே கால்நடையாக அல்லவா வந்தார்கள்!

கதையை விட்டு மெய்யான யுத்த சரித்திரத்துக்குப் போனால் சங்கடம் வேறு விதமானது. துப்பாக்கிக்கும் நாய்க்கும் வரி, தெரு வேலைக்கு வருஷத்தில் 6 நாள் உழைப்பு அல்லது 3 ஷில்லிங் என்ற ஆங்கிலேயரின் சட்டங்களால் வெகுண்ட மக்கள், 1848 ஜூலையில் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டாவை அரசனாக்கி, 28ஆம் திகதி மாத்தளைக்குள் புகுந்து கச்சேரியைச் சூறையாடினர். இதுவரை விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் கலகம் சில நாட்களில் அடங்கிவிட, இராணுவச் சட்டம் அக்டோபர் வரை நீடித்தது. மாண்டவர் ஏறக்குறைய 200 பேர் என்பர், துருப்புகளிலோ ஒருவன் காயமுற்றதோடு சரி. கலகத் தலைவர்களுள் ஒருவனான புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டதும் போர்க்களத்திலன்று. இராணுவ நீதிமன்றத்தின் தீர்ப்புப்படி, ஆகஸ்ட் 8ஆம் திகதி, கண்டியில்.

சண்டை தேடி வந்தவர் இவ்விடத்தில் புத்தகத்தை மூடிவைப்பாராயின், அதுவரை அவர் ரசித்தது வீரத்தைத்தானா என்று ஐயுற இடமுண்டு. இந்தத் தண்டனைகளைப் பற்றிய வறண்ட சாட்சியங்களைத்தான் லண்டன் பாராளுமன்றக் குழுவினர் வரிவரியாகக் கேட்டுப் பதிவு செய்தனர். வந்தியத்தேவனின் குதிரைச் சவாரி தரும் இன்பம் அவற்றில் அணுவளவும் இல்லை. ஆயினும், 1850இல் தேசாதிபதி டொரிங்டன் பதவியிழந்து ஊர் திரும்பியதற்கு அந்தக் காகிதங்களும் ஒரு காரணம்.