முன்னறிவித்தலும் அருளே

சைவப்பாடசாலை ஆசிரியர்காள்!

கொடியேற்றாது மகோற்சவந் தொடங்குவதில்லை. மணியொலியாது திரை விலகுவதில்லை. வருவதை முன்னறிவித்து அடியாரை ஆயத்தஞ்செய்தல் நம் ஆலயமரபு. இம்முறைமை ஓட்டிசமுடைய பிள்ளைகளுக்கு எத்துணை இன்றியமையாததென்பதை ஈண்டுச் சிந்திப்பாம்.

1943 ஆம் ஆண்டிலே, அமெரிக்காவில் லியோ கானர் என்னும் வைத்தியர் 11 பிள்ளைகளைக் குறித்தெழுதிய கட்டுரையில், எல்லாம் என்றும் ஒருபடித்தாயிருத்தல் வேண்டுமென்னும் அவர்தம் பெருவிருப்பை எடுத்துக்காட்டினார். வழி மாறினும், ஆசனம் மாறினும், நேரசூசி மாறினும் இத்தகைய பிள்ளைகளுட் பலர் கலங்கிக் கதறுவர். அது பிடிவாதமன்று, பொறுக்கலாகாத கலக்கம். பிரம்பினால் அது தீருமோ? பெருகுமன்றோ!

ஆதலால், நாளை விளையாட்டுப்போட்டியாயின் இன்றே படம்வரைந்து காட்டுங்கள். வகுப்பு மாறுமுன் புதிய அறையையும் ஆசிரியரையும் காட்டுங்கள். மேளவொலியும் சனநெருக்கமும் பொறாத பிள்ளையைக் கூட்டமில்லாத வேளையிலே சந்நிதிக்கு அழைத்துச்செல்லும்படி பெற்றாருக்குச் சொல்லுங்கள்.

இன்னுமொன்று. தாயின் அன்பின்மையே இதற்குக் காரணமென்று மேனாட்டார் சிலர் முன்னே உரைத்தனர். அக்கொள்கை பிழையெனத் தள்ளப்பட்டது. நம்மவருட் சிலரோ, "முன்செய்த வினை" என்று அத்தாயின் செவிபடக் கூறுகின்றனர். பிறர்வினையை அளந்தறிபவன் இறைவனொருவனே. நமக்கு விதிக்கப்பட்டது உயிர்க்கிரங்குதல். பழிச்சொல்லுக்கஞ்சி வீட்டினுள்ளே ஒடுங்கியிருக்கும் அத்தாயிடஞ் சென்று, "நாளைக்குப் பிள்ளையைக் கூட்டி வாருங்கள், அம்மா, நாங்கள் வாசலில் நிற்போம்" என்று சொல்லுவோமாக. சொன்னபடியே நிற்போமாக. இதுவுஞ் சிவதொண்டே.