வழக்கமும் அறமும்

பழமை ஒரு செயலை அறமாக்குமோ? மாணாக்கர் இவ்வினாவை எழுப்புமிடத்து விடையிறுத்தற்குப் பிரான்சு தேசத்து வழக்கமொன்று தக்க உதாரணமாகும்.

அத்தேசத்தின் தென்மேற்கிலே பெரிகோர், கஸ்கோனி என்னும் நாடுகளிற் குடியானவர் வாத்துக்களையும் தாராக்களையும் கொழுக்கவைத்து விற்றல் நெடுங்கால வழக்கம். மாரிகாலத்தில் இவற்றிற்கென்றே சந்தைகள் கூடும். சமத்தான் என்னும் ஊரிலே திங்கட்கிழமைதோறும் கூடுஞ் சந்தை பெயர்பெற்றது. சார்லா நகரத்தில் வாத்துச் சந்தை எனப் பெயரிய முற்றமும், ஆங்கு மூன்று வாத்துக்களின் வெண்கல உருவங்களும் உள.

இப்பறவைகள் முதலிலே புல்வெளியில் மேய்ந்து வளரும். இறுதியில் இரண்டொரு வாரம் அவற்றின் தொண்டையினுள் குழாயைச் செலுத்திச் சோளத்தை உட்புகுத்துவர். அதனால் ஈரல் இயற்கையளவினும் அறுமடங்கு முதற் பதின்மடங்கு வரை வீங்கும். அவ்வீங்கிய ஈரலே நத்தார்ப் பண்டிகை விருந்தில் உயர்ந்த பண்டமென விலைபோவது.

இதனை ஆதரிப்போர் கூறும் நியாயங்கள் மூன்று. அவற்றை இகழாது ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, பழமை. எகிப்திலே சக்காராக் கல்லறைச் சிற்பங்களில், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வாத்துக்கு வலிந்து ஊட்டுங் காட்சி பொறிக்கப்பட்டுள்ளது. உரோமர் அத்திப்பழம் ஊட்டினர். ஈரலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லே அத்திப்பழப் பெயரினின்றும் பிறந்தது. 2006ஆம் ஆண்டிலே பிரெஞ்சுச் சட்டமும் இவ்வீரலைத் தேசத்தின் பண்பாட்டுச் செல்வமென விதந்தது. ஆயின் பழமை ஒரு செயல் எவ்வளவு காலம் நிகழ்ந்தது என்பதைக் காட்டுமேயன்றி, அது நன்றோ தீதோ என்பதைக் காட்டாது. அடிமை வியாபாரமும் பழமையானதே. அதே பிரான்சு 1848இல் தன் குடியேற்ற நாடுகளில் அடிமைத்தனத்தை ஒழித்ததன்றோ?

இரண்டாவது, இயற்கை. வலசை செல்லும் பறவைகள் பயணத்தின் பொருட்டுத் தாமே மிகுதியாய் உண்டு ஈரலிற் கொழுப்பைச் சேமிக்கும் என்பர். உண்மையே. ஆனால் அது பறவை தன் தேவைக்குத் தானே வகுத்த அளவு. அவ்வளவு போதுமாயின் குழாய் எற்றுக்கு? ஸ்பெயின் தேசத்து எஸ்திரமதுராவிலே குழாயின்றி ஓக் மரக்கொட்டையும் ஒலிவக்கனியும் மேயவிட்டுக் கொழுக்கச் செய்வாரும் உளர். கொடுமை குறைந்தது, கொலை குறைந்திலது.

மூன்றாவது, ஏழைக் குடியானவரின் பிழைப்பு. இதுவே கனத்த நியாயம். பசித்தவனை வெறுங்கையனாக்கி அறம் போதித்தல் அறமாகாது. ஆயினும் இது வேறு தொழில் அமைத்துக் கொடுக்கும் கடமையை நமக்கு உணர்த்துவதன்றி, அச்செயலைக் குற்றமற்றதாக்குவதன்று. இஸ்ரவேலின் உயர்நீதிமன்றம் 2003இல் வலிந்தூட்டலுக்கு இடங்கொடுத்த விதிகளைச் செல்லாவெனத் தீர்த்தது. இந்தியா 2014இல் இவ்வீரலின் இறக்குமதியை விலக்கிற்று.

இவ்வளவிலே, பிறதேசத்தாரைப் பழித்து மகிழ்தல் நம் நோக்கமன்று. புலால் உண்ணாத நம் மனைகளிலும் கன்று பசித்துக் கதறத் தாயின் பாலை ஒட்டக் கறப்பார் இலரோ? கேட்டால், முன்னோர் வழக்கம் என்னும் அதே விடையன்றோ வருவது? கோயில் முன்றிலில் ஆடு வெட்டுதலையும் வழக்கமென்றே காத்தனர். ஆறுமுக நாவலர் அதனைக் கண்டித்தபோது வழக்கத்தை அன்று, அறத்தையே அளவுகோலாகக் கொண்டார்.

ஆகலின் ஆசிரியர் மாணாக்கர்க்கு உணர்த்தற்பாலது இது: வழக்கத்தை மதித்தல் நன்று, துன்புறும் உயிரின் பக்கம் நின்று அவ்வழக்கத்தை வினவுதல் அதனினும் நன்று. அவ்வினாவைத் தன் வீட்டுத் தொழுவத்திலே தொடங்குபவனே அயலார் சந்தையைக் குறித்துப் பேசத் தகுதியுடையவனாவான்.