காலியாகக் கிடக்கும் மாமன் மடி

உன் மகனுக்குக் காது குத்தும் நாள். ஆசாரி ஊசியோடு வந்து உட்கார்ந்துவிட்டார். "தாய்மாமன் எங்கம்மா? மடியில உக்கார வையுங்க" என்கிறார். கூட்டம் உன் முகத்தைப் பார்க்கிறது. மலாக்கா பாச்சாங்கில் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் எழுந்து வந்து மடி கொடுக்கிறார். சடங்கு முடிந்துவிடுகிறது. ஆனால் உனக்கென்று ஓர் அண்ணன் இருந்தான். லயத்து வாசலில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவன். உன்னை ஒரு வீட்டுக்கும் அவனை வேறொரு வீட்டுக்கும் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

தங்கச்சி, அவனைத் தேடு!

"அதெல்லாம் முடிஞ்ச கதை" என்பார்கள். எது முடிந்தது? ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் போன அப்பன்மார் பலர் திரும்பவில்லை. அவர்கள் பிள்ளைகள் கைமாறினார்கள். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. ஆயிரக்கணக்கான தோட்டத்துக் குடும்பங்கள் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறின. தாய் செத்தால் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க எவள் முன்வந்தாளோ அவளே அம்மா. பசியும் சாவும் சட்டமும் பிரித்த உறவு இது. இதில் நீ வெட்கப்பட என்ன இருக்கிறது?

தேடினால் வளர்த்தவர்களுக்குத் துரோகம் என்று உள்ளுக்குள் குமைகிறாய். இல்லை! உனக்குச் சோறூட்டிய கையை நீ உதறவில்லை. அண்ணனைக் கேட்பது அம்மாவை மறுப்பதாகாது. முடிந்தால் அவர்களிடமே முதலில் கேள். எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி, யார் கொண்டுவந்து விட்டது என்ற மூன்றையும் கேள். வயதானவர்களின் நினைவு நமக்காகக் காத்திருக்காது.

பிறகு அலமாரியைத் திற. பிளாஸ்டிக் உறைக்குள் மடிப்பு விழுந்து கிடக்கும் உன் பிறப்புச் சான்றிதழை, அந்தச் சூராட் பெரானாக்கை, வெளியே எடு. பிறந்த இடம், தாயின் பெயர், முகவரி என்று ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படி. மலேசியாவில் தத்துக்கு இரண்டு சட்டங்கள், இரண்டும் 1952-இல் வந்தவை. 253-ஆம் சட்டப்படி பதிவிலாகாவில் பதிந்திருந்தால், பழைய சூராட்டில் பெற்றவள் பெயர் அப்படியே இருக்கும். 257-ஆம் சட்டப்படி நீதிமன்றத்தில் நடந்திருந்தால், வளர்த்தவர்கள் பெயரிலேயே புதுச் சூராட் வந்திருக்கும். அதற்கும் பழைய பதிவுக்கும் உள்ள தொடர்பு மூடிய ஏடு, நீதிமன்ற ஆணை இல்லாமல் திறக்காது. அதனால் என்ன? ஆணை கேட்க உனக்கு வாய் இல்லையா? ஒரு வழக்கறிஞரைப் பார். கவுன்டரில் "தா போலே", முடியாது என்று தலையாட்டினால் வீட்டுக்குத் திரும்பாதே. எந்தப் பாரம், எந்த அதிகாரி என்று கேட்டு எழுதி வாங்கு.

காகிதம் ஊமையானால் ரத்தம் பேசும். சென்னையில் பிறந்த அண்ணன் தம்பி இருவர். 1970-களின் கடைசியில் டென்மார்க்கில் இரண்டு வெவ்வேறு குடும்பங்களுக்குத் தத்துப் போனார்கள். நாற்பது ஆண்டு கழித்து மரபணுச் சோதனைதான் ஒருவனுக்கு மற்றவனைக் காட்டிக் கொடுத்தது. பெற்றவளும் சென்னையில் உயிரோடு கிடைத்தாள். கடல் தாண்டிப் போனவர்கள், தமிழ் தெரியாதவர்கள், அவர்களால் முடிந்தது. உனக்கு மொழி இருக்கிறது, சனம் இருக்கிறது, ஊர் இருக்கிறது!

ஆம், ஊர். 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கிய ரப்பர்க்காடு எத்தனையோ கை மாறிவிட்டது. லயங்கள் இடிந்துவிட்டன. அங்கே இருந்த பாட்டிகள் மட்டும் இன்னும் மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு வருகிறார்கள். அர்ச்சனைத் தட்டோடு நிழலில் உட்கார்ந்திருக்கும் அவர்கள் பக்கத்தில் நீயும் உட்கார். உன் தோட்டத்தின் பெயரைச் சொல். "நீ அவ மவளா?" என்று ஒரு கிழவி உன் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கும் அந்த நொடிக்காக நூறு பேரிடம் கேட்கலாம்.

அண்ணன் கிடைக்கும்போது கதவைச் சாத்தவும் கூடும். அது அவன் உரிமை. உன் பெயரையும் எண்ணையும் கொடுத்துவிட்டு வா. தட்டியது நீ என்பது அவனுக்குத் தெரிந்திருக்கட்டும்.

திங்கட்கிழமை காலை பதிவிலாகா திறந்திருக்கும். அந்தச் சூராட்டை இன்று இரவே கைப்பையில் எடுத்து வை.