தராசில் ஏறிய வணிகர்

கலப்பட எண்ணெய் விற்கும் கடைக்காரர் ஒருவர், அந்தப் பணத்தில் அம்பாளுக்கு வெள்ளிக் கவசம் சாத்துகிறார். அவருக்குப் புண்ணியம் உண்டா, இல்லையா? கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்து பேசும் பெண்களிடையே அடிக்கடி எழும் கேள்விதான். 'கொடுக்கிறாரே, அதுவே பெரிசு' என்பார் ஒருவர். 'எண்ணெய் வாங்கின நாம் அல்லவா கவசம் சாத்தியிருக்கிறோம்!' என்று மடக்குவார் இன்னொருவர்.

நான் இரண்டாமவர் கட்சி. துணைக்கு ஒரு நாயன்மாரையே அழைக்கிறேன்.

பழையாறையைச் சேர்ந்த அமர்நீதி நாயனார் ஜவுளி வணிகர். திருநல்லூரில் மடம் அமைத்து, சிவனடியார்களுக்கு அமுதும் உடையும் கோவணமும் கொடுத்து வந்தவர். பிரம்மசாரி வடிவில் அங்கே வந்த ஈசன், 'இதுவரை எத்தனை பேருக்குக் கொடுத்தாய்?' என்று கேட்கவில்லை. ஒரு கோவணத்தைக் கொடுத்து, 'நீராடி வரும்வரை பத்திரமாக வைத்திரு' என்றார். அது மாயமாய் மறைந்தது! வேறு புதியது தருவதாக நாயனார் கெஞ்சியும் ஏற்கவில்லை. தன்னிடம் இருந்த இன்னொரு கோவணத்தைத் தராசில் வைத்து, எடைக்கு எடை கேட்டார். பட்டும் பொன்னும் மணியும் ஏற்றியும் தட்டு சமமாகவில்லை. கடைசியில் மனைவி, மகனோடு தானே தட்டில் ஏறினார் நாயனார். அப்போதுதான் முள் நேரே நின்றது.

கவனித்தீர்களா? அத்தனை தர்மம் செய்தவருக்கும் பரீட்சை நடந்தது தராசின் முன்னால்தான். அதுவும், நம்பி ஒப்படைத்த ஒரு பொருளுக்காக. கடையில் நாம் நீட்டும் பணமும் நம்பி ஒப்படைப்பதுதானே! வள்ளுவரும் வணிகத்துக்கான குறளை ஈகை அதிகாரத்தில் வைக்கவில்லை, நடுவுநிலைமையில் வைத்தார்.

அப்படியென்றால் அம்பாள் அந்தக் கவசத்தை மறுத்துவிடுவாளா? தாயாயிற்றே, ஏற்றுக்கொள்வாள். ஆனால், அந்த எண்ணெயில் பொரித்த அப்பளத்தைச் சாப்பிட்ட குழந்தைக்கும் அவள்தான் தாய்.

இப்போது பெரிய நிறுவனங்களுக்குச் சட்டமே இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் லாபம் எடுத்த பிறகுதான் ஊரின் ஞாபகம் வருகிறது!

நம் வணிகர்களிடம் 'மகமை' என்று ஒரு வழக்கம் உண்டு. நகரத்தார் தங்கள் வணிகத்தில் கோயிலுக்கென மகமை ஒதுக்கினார்கள். விருதுநகர் நாடார் வணிகர்கள், கைமாறும் சரக்கின் மேலேயே மகமை வைத்தார்கள். வண்டிக் கூலி, ஏற்று கூலி மாதிரி இதுவும் ஒரு செலவு. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் ஊருக்கு உள்ளது முதலிலேயே தனியாகப் போய்விடும். டியூப் லைட்டில் வெளிச்சம் தெரியாத அளவுக்கு உபயதாரர் பெயரை எழுதும் வேலையும் இல்லை!

அந்த ஊரில் 1889-ல் க்ஷத்திரிய வித்யாசாலா பள்ளி தொடங்கியபோது மகமைப் பணத்தோடு வேறொன்றும் சேர்ந்தது. வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். அது பள்ளிக்குப் போகும். காமராஜர் படித்தது அந்தப் பள்ளியில்தான்.