வணக்கத்திற்கு உரியவர் யார்?

டேராடூனில் உள்ள இந்திய இராணுவக் கழகத்திலோ, சென்னைப் பரங்கிமலையில் உள்ள அலுவலர் பயிற்சிக் கழகத்திலோ பயிற்சி முடித்து, லெப்டினன்ட் பதவியுடன் வெளிவரும் இளைஞனுக்கு வயது 22 அல்லது 23 இருக்கும். அவன் தன் படைப்பிரிவைச் சேரும் நாளில், அவன்முன் நிமிர்ந்து நின்று சலாம் செய்யும் சுபேதாரோ, அவன் பிறப்பதற்கு முன்பே படையிற் சேர்ந்தவராய் இருத்தல் கூடும். இளையவன் தோளில் இரண்டு நட்சத்திரங்கள் உள்ளன. மூத்தவர் தோளிலும் இரண்டு நட்சத்திரங்களே உள்ளன. அவற்றோடு ஒரு வண்ணப்பட்டையும் உண்டு. அந்தச் சிறு பட்டையே இவர் ஆணையை ஏற்பவர், அவன் ஆணையிடுபவன் என்று உலகிற்கு அறிவிக்கின்றது. ஆயினும் அவ்விளைஞன் அவரை வெறும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. 'சுபேதார் சாப்' என்றே அழைக்கின்றான். மூத்தவர் சலாம் செய்கின்றார். இளையவன் மரியாதைச் சொல் கூறுகின்றான். இவ்விருவருள் வணக்கத்திற்கு உரியவர் யார்? பதவி பெரிதா, பட்டறிவு பெரிதா?

அறநெறி பேசும் ஏட்டில் படைக்களத்துப் பேச்சு எதற்கு என்று அன்பர்கள் சிலர் வினவலாம். கொலைத் தொழிலைப் புகழ்வதற்காக இதனை எழுதவில்லை. ஆயுத வாணிபத்தைத் தீய பிழைப்பு என்று விலக்கியவர் நம் பகவான். ஆயினும் வைசாலி நகரத்துச் சேனாபதியாகிய சீஹர் அவரிடம் வந்து, தம் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்து, உபாசகரானார். படைவீரனும் மனிதனே. அவன் உள்ளத்திலும் ஆணவம் உண்டு, அடக்கமும் உண்டு. ஒருவனுடைய சொல்லிலே பலருடைய உயிர் தொங்கும் இடத்தில், ஆணவத்தின் விலை எவ்வளவு என்பது வேறெங்கும் காணாத தெளிவுடன் தெரிகின்றது.

மற்றொரு காரணமும் உண்டு. மரியாதை என்னும் சொல் நம் மக்களின் செவிக்கு இனிய சொல் அன்று. தோளிற் கிடந்த துண்டை இடுப்பிற் கட்டச் செய்ததும், காலிற் கிடந்த செருப்பைக் கையில் ஏந்தச் செய்ததும், தெருவில் ஒதுங்கி நிற்கச் செய்ததும் இந்தச் சொல்லின் பெயராலேயே. ஆகவே, "எவருக்கும் நாம் ஏன் வணங்க வேண்டும்?" என்று நம் இளைஞர்கள் கேட்கின்றனர். அக்கேள்வி நியாயமானது. அதற்கு விடை கூறாமல் பணிவை உபதேசிப்பது அறமாகாது. பிறப்பைக் காட்டிப் பறிக்கப்படும் பணிவு வேறு. கடமையை முன்னிட்டு இருவர் ஒருவருக்கொருவர் மனமுவந்து அளிக்கும் மதிப்பு வேறு. இவ்வேறுபாட்டை விளக்கப் படையே தக்க உதாரணம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் சுபேதார், ஜமேதார் முதலியோர் வைசிராயின் கமிஷன் பெற்றோர் எனப்பட்டனர். முப்பதாண்டு உழைத்த சுபேதார் மேஜரும், நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கிய ஆங்கிலேய அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவரே. அவரைச் 'சாகிப்' என்று அழைத்தனர். ஆனால் ஓர் ஆங்கிலேயச் சிப்பாய்க்கு ஆணையிடும் உரிமையை அவருக்கு அளிக்கவில்லை. டாக்டர் அம்பேத்கரின் தந்தையார் இராம்ஜி சக்பால் சுபேதாராய் விளங்கியவர். படையினர் பள்ளியில் ஆசிரியப் பணியும் ஆற்றியவர். இன்று அம்பேத்கர் நகர் என வழங்கும் மாவ் பாசறையில் 1891 ஏப்ரல் 14 அன்று அவருக்குப் பிறந்த மைந்தன் பள்ளிக்குச் சென்றபோது, வீட்டிலிருந்து கொண்டு சென்ற கோணியின்மேல் தனியே அமர வேண்டியதாயிற்று. தந்தை பெற்ற பட்டம் மைந்தனுக்கு ஒரு பலகையைக்கூடப் பெற்றுத் தரவில்லை. மதிப்பானது பட்டத்திற்கு மட்டும் உண்டாகி மனிதனுக்கு இல்லாமற் போனால் நேர்வது இதுவே.

இன்று படையின் சட்டம் வேறு. லெப்டினன்டும் சுபேதாரும் ஒரே நாட்டின் குடிமக்கள்; ஒரே அரசியற் சட்டத்தின் கீழ்ச் சமமானவர்கள். சிப்பாயாகச் சேர்ந்தவனும் தகுதியைக் காட்டி, டேராடூன் கேடட் கல்லூரி வழியாக அதிகாரியாகலாம். இருவருக்கும் இடையே நிற்பது பிறப்பு அன்று, பொறுப்பே. ஆதலின் உண்மையான மரியாதைக்கு இங்கே இடம் உண்டாகின்றது.

இனி, பதவியின் உரிமையை நோக்குவோம். அருண் கேத்தர்பால் என்னும் இளைஞர் 1971 ஜூன் மாதத்தில் கமிஷன் பெற்றார். அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று பசந்தர் போரில், தீப்பற்றிய டாங்கியை விட்டு விலகாமற் போரிட்டு மாண்டார். அப்போது வயது 21. பரம்வீர் சக்கரம் அவருக்கு அளிக்கப்பெற்றது. ஆறு மாதப் பணியாளர் என்று அவரை இகழ வல்லார் எவர்? பதவி என்பது ஆணையிடும் சுகம் அன்று. முடிவின் பழியைத் தன் தலைமேல் ஏற்கும் சுமை. அச்சுமைக்கே அந்தச் சலாம்.

பட்டறிவின் உரிமையும் சிறிதன்று. சுபேதார் ஜோகிந்தர் சிங் 1936இல் சிப்பாயாகச் சேர்ந்து, 1962 அக்டோபர் 23 அன்று பும்லா அருகே ஒரு பிளட்டூனைத் தாமே நடத்திப் போரிட்டவர். அவரும் பரம்வீர் சக்கரம் பெற்றவரே. நம் தமிழ் மண்ணினராகிய சுபேதார் சுப்பிரமணியன் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்தவர். 1780இல் தோன்றி, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட அப்படையில் நம் குடிகளினின்று சென்றோர் பலர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலி நாட்டில் மிக்னானோ அருகே, வெடிக்கவிருந்த கண்ணியின்மேல் அவர் தாமே விழுந்து, உடனிருந்தோரைக் காத்து உயிர்நீத்தார். ஜார்ஜ் கிராஸ் விருது அவருக்கு வழங்கப்பெற்றது. சிந்திப்பதற்கு நேரமில்லாத அந்தக் கணத்தில் செயற்பட்டது பல்லாண்டுப் பழக்கத்தால் பண்பட்ட உள்ளம் அன்றோ?

இரு உரிமைகளும் மெய்யாயின், இவற்றை இணைப்பது எங்ஙனம்? சங்கத்தின் வரலாற்றை நோக்குவோம். அனுருத்தர், பத்தியர், ஆனந்தர், பகு, கிம்பிலர், தேவதத்தன் ஆகிய சாக்கியக் குமாரர்கள் துறவு பூண வந்தபோது, அவர்களுடன் உபாலி என்னும் நாவிதரும் வந்தார். "நாங்கள் குலச்செருக்கு மிக்கவர்கள், ஆதலின் முதலில் உபாலிக்குத் துறவு அளித்தருள்க. அப்போது நாங்கள் அவரை வணங்க வேண்டியவர்கள் ஆவோம்" என்னும் கருத்தினை அக்குமாரர்களே பகவானிடம் விண்ணப்பித்தனர். அவ்வாறே உபாலி மூத்தவரானார். அரசகுமாரர் நாவிதரை வணங்கினர். பின்னர் இராஜகிருகத்தில் கூடிய முதற் சங்கீதியில் விநய விதிகளை எடுத்துரைத்தவரும் அந்த உபாலியே. சங்கத்தில் மூப்பு என்பது பிறந்த குலத்தாலும் அன்று, உடல் வயதாலும் அன்று, துறவு பூண்ட காலத்தாலேயே அமையும்.

ஆனால் இவ்விதியை அப்படியே பாசறைக்குக் கொண்டு செல்ல இயலாது என்பதையும் மறைத்தல் கூடாது. சங்கம் மூத்தோரை வணங்கும் இடம். படையோ ஆணையால் இயங்கும் இடம். போர் முனையில் யார் முன்பு சேர்ந்தவர் என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தால் அனைவரும் அழிவர். அன்றியும், உபாலியை வணங்கிய அறுவருள் தேவதத்தனும் ஒருவன் என்பதை நினைத்துப் பார்க்க. அவன் உடல் வளைந்தது; உள்ளம் வளையவில்லை. பிற்காலத்தில் சங்கத்தையே பிளக்க முற்பட்டான். ஆகவே யார் யாரை முதலில் வணங்குவது என்னும் விதி மட்டும் போதாது. அந்த விதி எந்த நோய்க்கு மருந்தோ அந்த நோயை அறிய வேண்டும்.

அந்த நோயின் பெயர் மானம். தமிழில் மானம் என்பது தன்மதிப்பைக் குறிக்கும் நற்சொல்; தருமத்தில் அது தன்னைப் பிறரோடு வைத்து அளக்கும் செருக்கைக் குறிக்கும். 'நான் இவனிலும் உயர்ந்தவன்' என்பது ஒரு மானம். 'நான் இவனுக்கு நிகரானவன்' என்பதும் மானமே. 'நான் இவனிலும் தாழ்ந்தவன்' என்பதும் மானமே. மூன்றிலும் 'நான்' என்னும் அளவுகோல் ஒன்றே. "இவர் என் கீழ்ப்பணியாளர்தானே" என்று எண்ணும் லெப்டினன்ட் முதல் வகையினன். "இந்தப் பையனுக்கு என்ன தெரியும்?" என்று உள்ளூர நகைக்கும் சுபேதாரும் முதல் வகையினரே. "எனக்கு ஒன்றும் தெரியாது, சாப் பார்த்துக்கொள்வார்" என்று முடிவெடுக்கும் கடமையினின்று நழுவும் இளைஞன் மூன்றாம் வகையினன். அவனுடைய பேச்சு அடக்கம் போலத் தோன்றும். ஆனால் அது அடக்கம் அன்று, பொறுப்பைத் துறத்தல். மரியாதையானது இம்மூன்றையும் விட்டவிடத்தில் பிறப்பது. தன்னை அளப்பதை நிறுத்தியவனே எதிரில் நிற்பவரைக் காண வல்லவன்.

இளமையை இகழலாகாது என்பதற்கும் நம் நூல்களில் சான்று உண்டு. கோசல மன்னன் பசேநதி, வயதில் இளையவரான பகவான் எங்ஙனம் போதி பெற்றவராதல் கூடும் என்று ஐயுற்றான். அரசகுமாரன், பாம்பு, நெருப்பு, பிக்கு ஆகிய நான்கையும் சிறியன என்று இகழலாகாது என்பது அவன் பெற்ற விடை. அறிவிற் சிறந்த சாரிபுத்தரிடம் ஏழு வயதுச் சிறு சாமணேரர் ஒருவர், ஆடையின் நுனி தொங்குவதைச் சுட்டிக் காட்டினாராம். அப்பெரியார் சினவாமல் ஒருபுறம் சென்று ஆடையைச் சீர்செய்து வந்து, "இப்போது சரியா?" என்று பணிவுடன் வினவினார் என உரைநூல்கள் கூறுகின்றன. நரைத்த தலை ஒன்றே ஒருவரை மூத்தவராக்குவதில்லை என்பதும் பகவானின் கொள்கையே. ஆதலின் பட்டறிவுக்கும் ஒரு கடமை உண்டு. தான் அறிந்ததைக் கொடுத்தலும், அறியாததை இளையவரிடமிருந்தும் கொள்ளுதலுமே அக்கடமை.

பஞ்சாலையில் பல்லாண்டு உழைத்தவன் என்ற முறையில் நான் கண்ட ஒன்றை ஈண்டுக் கூறுவது பொருந்தும். கல்லூரியிற் பயின்று புதிதாக வந்த மேற்பார்வையாளர் ஒருவர், கார்டிங் பகுதி மேஸ்திரியைத் தொழிலாளர் முன்னிலையில் படிப்பறியாதவர் என்று இழித்துரைத்தார். சில நாட்கள் கழித்து, நேரம் வீணாகாதபடி, இயந்திரத்தின் வாரை நீக்கிய உடனே மூடியைத் திறந்து துடைக்குமாறு அவர் உத்தரவிட்டார். வார் நீங்கிய பின்னும் அந்தப் பெரிய உருளை தன் வேகத்தால் சிறிது நேரம் சுழன்றுகொண்டேயிருக்கும் என்பதை மேஸ்திரி நன்கு அறிவார். ஆயினும் அவர் வாய் திறக்கவில்லை. "ஐயா சொன்னபடி செய்யுங்கள்" என்றார். ஓர் இளந்தொழிலாளியின் இரண்டு விரல்கள் போயின. விசாரணையில் ஒருவர் நல்லெண்ணத்துடன் ஆணையிட்டவரானார். மற்றவர் ஆணைக்குக் கீழ்ப்படிந்தவரானார். விதிப்படி எல்லாம் சரியே. விரல்கள் மட்டும் திரும்பவில்லை.

கீழ்ப்படிதலும் பழிவாங்குதல் ஆகலாம் என்பதை இதனால் அறிக. இருவர் ஒருவரையொருவர் அவமதித்தால் அதன் தண்டனை அவ்விருவர்க்கும் வருவதில்லை; அவர்கள் சொல்லை நம்பிக் கை நீட்டும் மூன்றாமவனுக்கே வருகின்றது. பஞ்சாலையில் அது விரல். பாசறையில் அது உயிர். ஆதலின் மரியாதை என்பது இருவருக்கு இடையேயுள்ள உபசாரம் மட்டும் அன்று; தம்மை நம்பியிருப்போர்க்கு இருவரும் சேர்ந்து செலுத்த வேண்டிய கடன்.

அக்கடனைச் செலுத்தும் முறை யாது? சிகாலனுக்கு உபதேசித்த பகவான், தலைவனுடைய கடமைகளையும் பணியாளனுடைய கடமைகளையும் இணையாகவே வைத்தார். வலிமைக்கேற்ற வேலை, உணவும் ஊதியமும், நோயில் உதவி, நல்லதைப் பகிர்தல், தக்க காலத்தில் ஓய்வு என்னும் தலைவன் கடமைகளை முன்னும், பணியாளன் கடமைகளைப் பின்னும் கூறினார். ஆகவே முதலடி எடுத்து வைக்க வேண்டியவன் அதிகாரம் உடையவனே. புதிதாக வந்த லெப்டினன்ட் சுபேதாரிடம் கேட்கத் தயங்கலாகாது. எந்த வீரனுக்கு வீட்டில் தாய் நோயுற்றிருக்கிறாள், எந்த வீரன் மலை ஏறும்போது தளர்வான், எந்தப் பாதை மழையில் உதவாது என்பவற்றை எந்தக் கழகமும் கற்பிப்பதில்லை. வள்ளுவர் பெரியாரைத் துணைக்கொள்ளும் அதிகாரத்தை அரசர்க்குரிய பகுதியிலேயே வைத்ததும் இக்கருத்துப் பற்றியே போலும். கேட்டபின் முடிவெடுப்பது அவன் கடமை. தவறினால் பழியைச் சுபேதார்மேல் ஏற்றாமல் தானே ஏற்பதும் அவன் கடமை.

சுபேதாரின் கடமையும் அரிது. இளையவன் பிழைபட்டால் வீரர் முன்னிலையில் நகையாமல் தனித்து அழைத்து உண்மையைக் கூற வேண்டும். அவமதிக்கப்பட்ட போதும் கூற வேண்டும். முடிவு தம் கருத்துக்கு மாறாயினும், அது அறத்திற்கு மாறாகாதவரை, தம் சொந்த ஆணைபோல் நிறைவேற்ற வேண்டும். அறத்திற்கு மாறான ஆணையாயின் நட்சத்திரமும் நரையும் எவரையும் காவா. அங்கே மறுத்துரைப்பதே மரியாதை.

சுபேதார் மேஜரின் தோளில் விளங்குவது அசோகச் சக்கரவர்த்தி சாரநாத்தில் நாட்டிய சிங்கத் தூணின் சின்னம். கலிங்கப் போரின் துயரத்தைக் கண்டு மனம் வருந்தி, அவ்வருத்தத்தைக் கல்லிலே பொறித்த வேந்தன் அவன். அத்தகையவனுடைய சின்னத்தைத் தாங்குவோர் முதலில் வெல்ல வேண்டுவது தத்தம் செருக்கையே.

நம் இளைஞர்களுக்கு ஒன்று கூறுவேன். உங்களுள் சிலர் நாளை அதிகாரிகளாவீர்கள். சிலர் அதிகாரிகளுக்குக் கீழ் உழைப்பீர்கள். பிறப்பைக் காட்டி வணக்கம் கேட்பவன்முன் நிமிர்ந்து நில்லுங்கள். பொறுப்பைச் சுமப்பவரையும், உழைத்துப் பழுத்தவரையும் கண்டால், கேளாமலே வணங்குங்கள். முன்னது அடிமைத்தனத்தை நீக்கும். பின்னது ஆணவத்தை நீக்கும். இரண்டும் நீங்கியவனே விடுதலை பெற்ற மனிதன்.

எல்லா உயிர்களும் இன்புறுக! சாது! சாது! சாது!