பங்குக்கு முன் கடன்

வாணியம்பாடியில் ஒரு டேனரியில் கணக்கு எழுதுகிறேன். பாய்மார் வீட்டுத் துக்கத்துக்குப் போகும்போதெல்லாம் ஜனாஸா தொழுகைக்கு முன் மகன் சொல்லும் அந்த வார்த்தைக்காகக் காத்திருப்பேன்: இறந்தவரிடம் யாருக்காவது கொடுக்கல் வாங்கல் இருந்தால் என்னைப் பாருங்கள். அவர்கள் ஷரீஅத்தில் அடக்கச் செலவு முதலில், அடுத்து கடன், பிறகு மூன்றில் ஒரு பங்குக்குள் மரண சாசனம், கடைசியில்தான் வாரிசுகளின் பங்கு. கடனோடு இறந்த ஒருவருக்கு நபிகள் தொழுகை நடத்தாமல் நின்றபோது, அபூ கதாதா என்ற தோழர் அந்தக் கடனைத் தான் ஏற்றதாக ஹதீஸ் சொல்கிறது. அவர் இறந்தவருக்கு மகன் முறை இல்லை; ஏற்றுக்கொண்டவர், அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் பழைய இந்து தர்மம் வேறு. அப்பன் கடனை மகனும் பேரனும் கொள்ளுப்பேரனும் தீர்ப்பது பிறப்பிலேயே வந்த கடமை. தகாத வழியில் வாங்கிய கடனுக்கு மட்டும் விலக்கு. 2005 செப்டம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்த வாரிசுரிமைத் திருத்தம் அதை முடித்துவைத்தது. அதன்பின் வாங்கிய கடனுக்கு, மகன் என்ற ஒரே காரணத்தால் அவன்மேல் கோர்ட்டுக்குப் போக முடியாது. இறந்தவர் சொத்து எவ்வளவு கைக்கு வந்ததோ அந்த அளவுக்குத்தான் வாரிசின் பொறுப்பு என்று 1908-இன் உரிமையியல் நடைமுறைச் சட்டமும் சொல்கிறது.

சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்யும் ஒரு தம்பி போன மாதம் கேட்டான்: "அண்ணே, அப்பா ஆஸ்பத்திரி பாக்கி என் தலையில வருமா?"

"அட்மிஷன்ல ஜாமீன்னு கையெழுத்துப் போட்டியா?"

"இல்லண்ணே. பாக்கியும் இல்ல, தங்கச்சி முழுசா கட்டிட்டா. ஊர்ல கேக்குறாங்க, அதான்."

கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. 1872-இன் ஒப்பந்தச் சட்டப்படி, வேறு பேச்சு இல்லாவிட்டால், கடன் வாங்கியவனுக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. சட்டம் ரத்தத்தைப் பார்ப்பதில்லை, கையெழுத்தைத்தான் பார்க்கிறது. அபூ கதாதா கதையும் எனக்கு அப்படித்தான் படுகிறது.

ஆனால் இவனுடைய கணக்கு அங்கே முடியவில்லை. தங்கச்சி ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள். மகளிர் குழுவில் லோன் எடுத்து, போதாததற்குத் தன் கம்மலையும் அடகு வைத்துக் கட்டியிருக்கிறாள். முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தது. அவர்கள் சேர்த்த ஆஸ்பத்திரி அந்தத் திட்டத்தின் பட்டியலில் இல்லை. அப்பனின் நோய், மகளின் பெயரில் கடன். ஆகவே அப்பன் கடனில்லாமல் செத்தார் என்றுதான் ஏடு காட்டும். பழைய தர்மம் மகனைப் பிடித்தது, புதிய சட்டம் அவனை விட்டது. இரண்டும் எழுதாத பெயர் இவளுடையது.

இங்கே எனக்குச் சட்டத்தைவிட, கடனுக்குப் பிறகே பங்கு என்ற அந்த ஷரீஅத் வரிசைதான் சரியாகத் தெரிகிறது. திருப்பத்தூர் பக்கம் அப்பன் பெயரில் ஒன்றரை சென்ட் பட்டா. அம்மா முன்பே போய்விட்டாள். உயில் இல்லாததால் அண்ணனுக்கும் தங்கைக்கும் பாதிப் பாதி. பாதி கிடைக்கிறதே, அதில் லோனைக் கட்டிக்கொள்ளட்டும் என்கிறார்கள் பெரியவர்கள். அது எப்படி நியாயம்? கட்டியது அப்பனுக்காக, கழிய வேண்டியது மொத்தத்திலிருந்து. அவளாகப் பிரியப்பட்டுச் செய்ததுதானே என்று யாராவது சொல்லலாம். பிரியத்துக்கு வட்டி கிடையாது. குழு லோனுக்கு உண்டு.

பட்டாவை விற்றால் முதலில் குழுக்கடனும் அடகும், மீதியில்தான் பங்கு என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். தம்பி வெகுநேரம் பார்த்தான்.

"அவ கேக்கலையேண்ணே" என்றான்.

"கேக்க மாட்டா. நீதான் போய்ச் சொல்லணும்."