கையால் செய்த கட்டில்

 



சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து மக்கள் கலைந்த பின், எங்கள் முஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் மெல்ல வந்து என் அருகே உட்கார்ந்தார். கோவையில் மோட்டார் பம்பு செய்யும் பவுண்டரி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேட்டர்ன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர்.

பேட்டர்ன் வேலை என்றால் என்ன என்று அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பம்பின் உடலை இரும்பில் வார்ப்பதற்கு முன் அதே வடிவத்தை மரத்தில் செய்வார்கள். அதை மணலில் பதித்து எடுத்துவிட்டு, அந்தக் குழியில் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். இரும்பு ஆறும்போது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். ஆகவே மர வடிவத்தை அந்த அளவு பெரிதாகவே இழைக்கவேண்டும். மயிரிழை பிசகினாலும் வார்ப்படம் வீண். அப்படிப்பட்ட நுட்பமான கை அவருடையது. ஆனால் வாழ்நாளெல்லாம் பிறருடைய இரும்புக்காக மரம் இழைத்தவர், தம் வீட்டுக்கென ஒரு முக்காலிகூடச் செய்ததில்லை.

ஓய்வு பெற்ற பின் தாராபுரத்தில் இருந்த அவருடைய மூதாதையர் வீட்டைப் பிரித்தார்கள். அதிலிருந்து ஒரு தேக்கு உத்தரம் அவர் பங்குக்கு வந்தது. அதை அறுத்து ஆறு மாதம் பாடுபட்டு, இளைய மகளின் நிகாஹுக்காக ஒரு கட்டில் செய்தார். ஆணி ஒன்றுகூட இல்லாமல் துளையும் கழுந்துமாகப் பொருத்திய கட்டில்.

அவர் சொன்னார்: “ஹஜ்ரத், மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்தாங்க. இது பழைய மரமாச்சே, கடையில புதுசா எடுத்துக் கொடுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. மூத்த புள்ளைக்கு வட்டிக்கு வாங்கித்தான் கட்டிலும் பீரோவும் எடுத்தேனுங்க. அந்தக் கடனே இன்னும் தீரலீங்க. இரும்பு சுருங்கும்னு கணக்குப் போட்டுப் பழகினவன் நான். மனுசங்க மனசு சுருங்கும்னு கணக்குப் போடலீங்க.”

பிறகு மூன்று கேள்விகள் கேட்டார். இந்தக் கட்டிலை விற்று அவர்கள் கேட்டதை வாங்கிக் கொடுப்பதா? மூத்தவளுக்குக் கடைக் கட்டில், இளையவளுக்குக் கையால் செய்த கட்டில் என்றால் பிள்ளைகளுக்கிடையே நீதி தவறியவன் ஆவேனா? தலைப்பலகையில் இரண்டு மயில் செதுக்கினால் ஒருவேளை அவர்களுக்குப் பிடிக்குமோ. அதற்கு மார்க்கம் இடம் தருமா?

அப்பெரியவருக்குச் சொன்ன பதிலை நம் இல்லங்கள் அனைத்திற்கும் பயன்படட்டும் என்ற நிய்யத்தில் இங்கு எழுதுகிறேன்.

மிம்பரின் வரலாறு

முதலில், மரவேலை இழிவான தொழிலோ கையால் செய்த பொருள் மதிப்புக் குறைந்ததோ அல்ல என்பதை நாம் மனதில் பதிக்கவேண்டும். நபி நூஹ் (அலை) அவர்கள் இறைவனின் கட்டளைப்படி தம் கையாலேயே கப்பல் கட்டினார்கள். அது பலகைகளும் ஆணிகளும் கொண்டது என்று திருமறை குறிப்பிடுகிறது. நபி ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்பது முஸ்லிம் ஷரீபில் வரும் செய்தி. நபி தாவூத் (அலை) அவர்கள் அரசராக இருந்தும் தம் கை உழைப்பிலிருந்தே உண்டார்கள். தம் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவு ஒருவருக்கு இல்லை என்று அண்ணலார் அறிவித்ததைப் புகாரீ ஷரீபில் காண்கிறோம். அண்ணலாரோ தம் காலணியைத் தாமே தைத்தார்கள். கிழிந்த ஆடையையும் தாமே தைத்துக்கொண்டார்கள்.

நாம் வெள்ளிதோறும் காணும் மிம்பருக்கும் ஒரு வரலாறு உண்டு. தொடக்கத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பேரீச்ச மரத் தண்டில் சாய்ந்து குத்பா ஓதி வந்தார்கள். மதீனத்து அன்சாரிப் பெண்மணி ஒருவர், தம்மிடம் தச்சுவேலை தெரிந்த பணியாள் இருப்பதாகவும், அமர்வதற்கு ஏதேனும் செய்து தரலாமா என்றும் கேட்டார். விரும்பினால் செய்யலாம் என்று அண்ணலார் விடை தந்தார்கள். இது ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு. நாயகமே ஆளனுப்பிச் செய்யச் சொன்னதாக ஸஹ்ல் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அப்பெண்மணி முதலில் தாமாக முன்வந்தார், பிறகு அண்ணலார் நினைவூட்டி ஆளனுப்பினார்கள் என்று விரிவுரையாளர்கள் இரண்டையும் இணைத்துக் காட்டுகிறார்கள். ‘காபா’ என்ற இடத்துக் காட்டு மரத்தால் மூன்று படிகளோடு அந்த மிம்பர் உருவாயிற்று. மிம்பர் வந்த அன்று, பிரிவு தாளாமல் பழைய பேரீச்சந்தண்டு அழுததும், அண்ணலார் இறங்கி வந்து அதன்மீது கைவைத்ததும், தேற்றப்படும் குழந்தை போல் அது அடங்கியதும் நாம் கேட்டறிந்தவையே.

அன்பர்களே! இந்த உம்மத்தின் முதல் மிம்பரே மரத்தால் கையால் செய்த ஓர் அன்பளிப்புதான். அதிலே சிந்திக்கவேண்டியது ஒன்று உண்டு. இரு உலகின் தலைவராக இருந்தும் அண்ணலார் அப்பெண்மணியின் விருப்பத்துக்கே அதை விட்டார்கள். அந்த விருப்பம்தான் அன்பளிப்பின் உயிர். அது போய்விட்டால் மரமும் மெருகும் மிஞ்சும், அன்பளிப்பு மிஞ்சாது.

கேட்டு வாங்குவது அன்பளிப்பாகுமா?

இனி முதல் கேள்விக்கு வருவோம். ஒருவருடைய பொருள் அவர் மனமொப்பித் தந்தாலன்றி மற்றவருக்கு ஹலாலாகாது என்பது நபிமொழியின் கருத்து. பெண்ணைப் பெற்றவன் ஊர் வாய்க்கு அஞ்சியும், நிகாஹ் நின்றுவிடுமோ என்று நடுங்கியும் கொடுப்பதை மனமொப்பிக் கொடுத்தது என்று யார் சொல்லமுடியும்? அதற்குச் சீர் என்றும் செய்முறை என்றும் பெயர் சூட்டினால் மட்டும் ஹலாலாகிவிடுமா?

திருமறை மஹரை மனமுவந்து கொடுக்கும்படி ஆண்களுக்குக் கட்டளையிடுகிறது. ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களிடம் கொடுக்க வேறொன்றும் இல்லாதபோது, தம் போர்க்கவசத்தையே மஹராக்கினார்கள். அன்னை பாத்திமா (ரலி) அவர்களை அனுப்பியபோது அண்ணலார் உடன் கொடுத்தவை ஒரு கம்பளித் துணி, ஒரு தோல் துருத்தி, இத்கிர் என்னும் புல் அடைத்த ஒரு தோல் தலையணை. சொர்க்கத்துப் பெண்களின் தலைவிக்கு வாய்த்த சீர் இவ்வளவே! நம் வீட்டு மருமகளுக்குப் பழைய தேக்கு போதாது என்று சொல்ல நம் நா எப்படித் துணிகிறது?

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் எல்லா மதத்தாருக்கும் பொருந்தும். வரதட்சணை கேட்பதும் குற்றம். கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். நம் மஹரை மட்டும் அது வரதட்சணைக் கணக்கில் சேர்க்கவில்லை. யாரும் கேட்காமல் பெற்றோர் தாமாகத் தரும் பொருள்களைப் பட்டியலாக எழுதி வைக்கவேண்டும் என்று 1985இல் விதிகளும் வந்தன.

ஆகவே அப்பெரியவரிடம், “அத்தா, கட்டிலை விற்கவேண்டாம். நீங்கள் விரும்பிச் செய்தது அன்பளிப்பு. அவர்கள் கேட்பதற்காக வாங்குவது அன்பளிப்பல்ல. வட்டிக்கு வாங்கிக் கொடுப்பதோ பாவத்தின்மேல் பாவம்” என்றேன்.

நிற்க. இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அவருடைய மூத்த மகளுக்கு நிகாஹ் ஓதிவைத்தவன் நான்தான். வட்டிப் பணத்தில் வாங்கிய கட்டிலும் பீரோவும் வேனில் ஏறியதை மண்டப வாசலில் நின்று நானும் பார்த்தேன். பரக்கத்துக்காக துஆவும் செய்தேன். இவ்வளவுக்கு ஏது பணம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிரியாணி உண்டு வீடு திரும்பினேன். மிம்பரில் ஏறி வட்டியைப் பற்றிப் பேசும் ஆலிம், மண்டப வாசலில் வாய் மூடி நின்றால் நாளை அல்லாஹ்விடம் என்ன சொல்வான்? இதை எழுதும்போதும் என் நெஞ்சு சுடுகிறது. ஆலிம்களாகிய நாங்களும் ஜமாஅத் பெரியவர்களும் திருந்தாமல் மக்களைத் திருத்த முடியாது.

மக்களிடையே நீதி

இரண்டாவது கேள்வி மிக உயர்ந்த கேள்வி. பலர் கேட்கவே மறப்பது. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு அவர்களின் தந்தை ஓர் அன்பளிப்பைத் தந்தபோது, தாயார் அண்ணலாரைச் சாட்சியாக்கும்படி வற்புறுத்தினார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் தந்தாயா என்று அண்ணலார் கேட்க, இல்லை என்றார் தந்தை. அல்லாஹ்வை அஞ்சிப் பிள்ளைகளிடையே நீதியோடு நடக்கும்படி அறிவுறுத்தினார்கள். அவரும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பிள்ளைகளுக்குச் சமமாகக் கொடுப்பதை நம் ஹனபீ, ஷாபிஈ இமாம்கள் வலியுறுத்துகிறார்கள். ஹம்பலீ இமாம்களோ கடமை என்றே சொல்கிறார்கள்.

ஆனால் சமம் என்பது கடையின் விலைச்சீட்டைப் பொறுத்தது மட்டுமல்ல. வைரம் பாய்ந்த பழைய தேக்கின் இன்றைய விலையையும் தச்சருடைய ஆறு மாதக் கூலியையும் கூட்டிப் பார்த்தால், மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் வரும் கடைக் கட்டில் இதற்கு ஈடாகுமா? “உங்கள் நீதி தவறவில்லை. இருந்தாலும் மூத்த மகளின் மனத்தைக் கேட்டுவிடுங்கள்” என்றேன்.

அந்தப் பிள்ளை சொன்னது: “எனக்குக் கட்டில் வேணாம் அத்தா. உங்க கையால ஒரு ரெஹல் செஞ்சு கொடுங்க, நான் குர்ஆன் ஓதறதுக்கு.”

சுப்ஹானல்லாஹ்! ரெஹலைக் கவனித்துப் பார்த்திருக்கிறீர்களா? நல்ல ரெஹல் ஒரே பலகையில் ஆனது. இரு முனையிலிருந்தும் பலகையின் கனத்தை இரண்டாக அறுத்து, நடுவில் மட்டும் விரல்கள் கோத்ததுபோல் மூட்டு வெட்டுவார்கள். ஆணியும் இல்லை, பசையும் இல்லை. விரித்தால் திருமறையைத் தாங்கும். மடித்தால் மறுபடி ஒரே பலகையாகும். பெரியவரின் முதல் ரெஹல் மூட்டிலேயே விண்டுவிட்டது. இரண்டாவது நன்றாக வந்தது.

மயிலும் விரிசலும்

மூன்றாவது, மயில் செதுக்குவது. உருவங்கள் செய்தே பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் நிலையைச் சொன்னார். உயிருள்ளவற்றைச் செய்வோருக்குள்ள எச்சரிக்கையை எடுத்துரைத்த அவர்கள், செய்தே ஆகவேண்டுமானால் மரங்களையும் உயிரற்றவற்றையும் செய்யும்படி வழிகாட்டினார்கள். ஆகவே மயிலும் கிளியும் வேண்டாம். கொடியும் இலையும் பூவும் தாராளமாகச் செதுக்கலாம்.

மரவேலையில் மார்க்கம் பார்க்கவேண்டிய இடம் இன்னொன்றும் உண்டு. தானியக் குவியலில் கைவிட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்ல என்று அண்ணலார் எச்சரித்த செய்தியை அறிவீர்கள். விரிசலில் மரத்தூளும் பசையும் அடைத்து மெருகு பூசி மறைத்து விற்பதும் அந்த ஈரத் தானியம் போன்றதே. ஈரம் காயாத மரத்தில் செய்தால் அன்று பொருந்தும். பங்குனி வெயிலில் பொருத்து விடும். வெளிறு இருந்தால் பூச்சி அரிக்கும். ரசீதின்றி மலையிலிருந்து திருட்டுத்தனமாக இறங்கிய மரத்தில் செய்த கட்டிலில் படுத்து எந்தப் பரக்கத்தை எதிர்பார்ப்பது? எந்த வேலையைச் செய்தாலும் செவ்வையாகச் செய்வதை அல்லாஹ் நேசிக்கிறான் என்பது நபிமொழி. தன் மகளுக்குச் செய்வதை மட்டுமல்ல, முகம் தெரியாதவனுக்குச் செய்வதையும் அப்படியே செய்யவேண்டும்.

நம் வீடுகளில்

நாமெல்லோரும் கட்டில் செய்யமுடியாது. ஆயினும் முழங்கால் வலியோடு ஒளு எடுக்கும் நன்னிமாவுக்கு ஒரு முக்காலி செய்யலாம். பிள்ளைகளின் ஓதும் நூல்களுக்கு ஒரு சுவர்ப்பலகை அடிக்கலாம். மகன்களின் கையில் உளியையும் கொட்டாப்புளியையும் கொடுத்துப் பழக்கலாம். பெண்மக்களுக்கும் இதில் பங்குண்டு. அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் தோல் பதனிட்டும் தைத்தும் வந்ததைத் தர்மம் செய்தார்கள். அதனாலேயே நீண்ட கைகளை உடையவர் என்ற நபிமொழியின் நன்மாராயம் அவர்களுக்கு வாய்த்தது.

மரம் வெட்டுகிற நாம் மரம் வைக்கவும் வேண்டும். பொள்ளாச்சிக்கு மேலே ஆனைமலையில் டாப்சிலிப் என்ற இடம் உண்டு. வெட்டிய தேக்கு மரங்களை அங்கிருந்து சரிவில் உருட்டிவிட்டதால் வந்த பெயர் அது. வெட்டி வெட்டி மொட்டையான அம்மலையில் ஹியூகோ வுட் என்ற ஆங்கிலேய வன அதிகாரி மீண்டும் தேக்கை வளர்த்தார். 1933இல் இறந்த அவருடைய கல்லறை அம்மரங்களுக்கிடையிலேயே இருக்கிறது. தேக்கு உத்தரமாக முதிர ஒரு மனிதனின் ஆயுள் ஆகும். நடுபவன் அதில் படுப்பதில்லை. உலக முடிவே வந்துவிட்டாலும் கையில் கன்றிருந்தால் நட்டுவிடும்படி ஏவப்பட்ட உம்மத்து நாம். நாம் பின்தங்கலாமா?

கட்டில் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஜமாஅத் பெரியவர்கள் இருவரோடு நானும் மாப்பிள்ளை வீட்டுக்குச் சென்றேன். இம்முறை வாய் மூடி நிற்கவில்லை. பையனுடைய தாயார் வெகுநேரம் பேசவில்லை. பையன்தான் எழுந்து, “எனக்கு இது தெரியாதுங்க ஹஜ்ரத்” என்றார். அடுத்த வாரம் பெரியவர் வீட்டுக்குத் தாமே வந்து, கட்டிலின் கழுந்துகளைக் கழற்றும் முறையையும் மாட்டும் முறையையும் அவரிடமே கற்றுக்கொண்டார். நிகாஹ் நடந்தது. தாயாரின் முகவாட்டம் தீரச் சில மாதங்கள் ஆயின என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். பெரியவர் பழைய வட்டிக் கடனை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறார். அதற்கு உதவ ஜமாஅத்தில் சிலர் முன்வந்திருக்கிறார்கள்.

யா அல்லாஹ்! எங்கள் கைகளின் உழைப்பை ஹலாலாக்குவாயாக! நாங்கள் கொடுப்பதை மனமுவந்த அன்பளிப்பாக்குவாயாக! கேட்டு வாங்கும் இழிவை விட்டும், கண்டும் காணாமல் நிற்கும் கோழைத்தனத்தை விட்டும் எங்கள் அனைவரையும் காப்பாயாக! ஆமீன்.